குத்புதீனின் செம்புக் கம்பி

குத்புதீனுக்கு வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி, வெங்காயச் சருகு மாதிரி பளபளக்கும். இளவட்டமாக இருந்தபோது ஒரு மோட்டார் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். சரியாகப் பிடிக்காத ஒரு கம்பியிலிருந்து பொறி பறந்தது. பக்கத்தில் பெட்ரோல் கசிந்திருந்தது. கையோடு போச்சு, உயிர் தப்பியதே என்று பாலக்கரையில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அவனும் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் அவனோடு ஒட்டிக்கொண்டது. எந்த வண்டி வந்தாலும் சரி, மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் தன் பெட்டியிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு செம்புக் கம்பியை எடுப்பான். ஒரு நுனியைப் பாட்டரியிலும் மறு நுனியை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் இறுகக் கட்டுவான். அதற்குப் பிறகுதான் பிஸ்மி சொல்லி வேலையில் கை வைப்பான்.

மோட்டார் வண்டியில் கரெண்டு போவதற்குத்தான் கம்பி. திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புச் சட்டமே பாதை. அந்தச் சட்டத்தையும் பாட்டரியையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டைக்கு எர்த்துப் பட்டை என்று பெயர். அது விட்டுவிட்டால் விளக்கு எரியாது, ஹாரன் கத்தாது, சமயத்தில் பொறியும் பறக்கும். தன் கம்பியைக் கட்டிக்கொண்டால் வண்டியின் பட்டை எப்படி இருந்தாலும் அவனுக்குப் பயமில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? அந்த நல்ல பழக்கம்தான் ஒரு குற்றமற்ற மனுஷனைக் கொண்டுபோய் ஜெயிலில் தள்ளியது.

அந்த மனுஷன் பெயர் சின்னையன். சுருட்டுக் கம்பெனி முதலாளி வீரமலையிடம் டிரைவர். வீரமலை, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பந்தயக் காரை வாங்கியிருந்தார். வாங்கும்போதே கிழடு. மூக்கு நீளம், சத்தம் அதிகம், மழைக்கு ஒதுங்க இடம் கிடையாது. திருச்சிராப்பள்ளி வெயிலில் அதில் உட்கார்ந்து போக ஒரு தனிப் பைத்தியம் வேண்டும். வீரமலைக்கு அது இருந்தது. சின்னையனோ அந்த வண்டியைப் பெற்ற பிள்ளையைப் போல் வைத்திருந்தான்.

அந்தக் காரில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ செத்து வெகு காலமாகியிருந்தது. மாற்று வாங்க சீமைக்குத்தான் எழுத வேண்டும். எஞ்சினுக்கு நெருப்புக் கொடுப்பது மேக்னெட்டோ என்கிற தனிப் பெட்டி. அதற்குப் பாட்டரி தேவையில்லை. ஆகவே கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினால் வண்டி பாட்டுக்கு ஓடும். விளக்கும் ஹாரனும் மட்டும் பாட்டரியை நம்பியிருந்தன. வாரா வாரம் சின்னையன் அந்தப் பாட்டரியைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி, பாலக்கரையில் குத்புதீன் கடைக்குச் சார்ஜ் போடக் கொண்டுவருவான். ஒவ்வொரு தடவையும் குத்புதீன் ஒரே பாட்டைத்தான் பாடுவான்.

"சின்னையா, சார்ஜை மிச்சம் பிடிச்சு ஓட்டு. நல்லா இருட்டினாத்தான் வெளக்கைப் போடணும், தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பாய். எத்தனை தடவை சொல்லுவீங்க."

ஒரு புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முன்னால், சின்னையன் வந்து ஸ்பானர் இரவல் கேட்டான். பூசைக்கு வண்டியைப் புதுசாக்கப் போவதாகச் சொன்னான். மற்ற டிரைவர்களைப் போல மேலுக்குக் கழுவிச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற ஆள் இல்லை அவன். கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டம் முழுக்கத் துருவைச் சுரண்டிக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கப் போகிறானாம். சாமிக்கு மேல் என்ன, அடி என்ன என்று சிரித்தான். குத்புதீனும் சிரித்து ஸ்பானரைக் கொடுத்தான்.

கார்த்திகை அமாவாசை. விளக்கு வைக்கிற நேரம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்த முதலாளியை அழைத்துவர சின்னையன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு காவேரிப் பாலத்தில் ஏறினான். பாதிப் பாலத்தில், ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. விளக்கு இரண்டும் பட்டென்று அணைந்தன. ஹாரனை அழுத்தினான், சத்தமில்லை. எஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடியது. பிரேக்கில் ஏறி நின்றான். கிழட்டு வண்டி உடனே நின்றுவிடுமா? முன்னால் ஏதோ இடித்தது.

செல்லக்கிளி என்ற பெண். மார்க்கெட்டில் வாழையிலை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். அம்மா மண்டபத்துப் பக்கம் ஆற்றோரக் குடிசையில் அவளுடைய தாயும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் சோற்றுக்குக் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

பின்னால் வந்த வண்டிக்காரன் ஒருவன், கார் வெளிச்சமே இல்லாமல் போனது என்று சாட்சி சொன்னான். போலீசு அதைப் பிடித்துக்கொண்டது. டைனமோ செத்த வண்டி, சார்ஜை மிச்சம் பிடிக்க விளக்கைப் போடாமலே ஓட்டிவந்து ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டான் என்பதுதான் வழக்கு. சின்னையன் கடைசிவரைக்கும் ஒன்றையே சொன்னான்: "போட்டேன் சாமி. வெளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெளக்கும் ஹாரனும் ஒண்ணா செத்துப்போச்சு."

அப்படியானால் வண்டியில் பழுது இருக்க வேண்டும். பார்த்துச் சொல்லக் குத்புதீனைக் கூப்பிட்டார்கள். சின்னையன் தலை தப்புவது அந்தப் பரிசோதனையில்தான் இருந்தது. குத்புதீனுக்கும் அது தெரியும். ஏதாவது பழுது கிடைக்காதா என்று மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டே போனான்.

போலீஸ் ஸ்டேஷன் வளவில், மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டு நிற்க, பெட்டியைத் திறந்தான். செம்புக் கம்பியை எடுத்துப் பாட்டரிக்கும் சட்டத்துக்கும் கட்டினான். பிஸ்மி சொன்னான். சுவிட்சைப் போட்டான். விளக்கு இரண்டும் ஜோராக எரிந்தன. ஹாரன் அலறியது. ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், வண்டியையே குலுக்கிப் பார்த்தான். விளக்கு சிமிட்டக்கூட இல்லை. அடியில் படுத்து எர்த்துப் பட்டையைத் தேடினான். நட்டு கல் மாதிரி இறுகியிருந்தது. புதுப் பெயிண்டில் அடிச்சட்டம் கல்யாண வீட்டு அண்டா மாதிரி பளபளத்தது. பாவி, வண்டியை எப்படி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். விளக்கை அணைத்தான், கம்பியை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தான்.

கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுக் கண்டதைச் சொன்னான். விளக்கில் பழுதில்லை. கம்பியில் பழுதில்லை. எர்த்துப் பட்டை இறுகியிருந்தது. அதோடு விட்டார்களா? சார்ஜை மிச்சம் பிடிக்கச் சொல்லி நீர் அவனிடம் சொன்னதுண்டா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். உண்டு என்றான். எத்தனை தடவை என்று கேட்டார். வரும்போதெல்லாம் என்றான். குற்றவாளிக் கூண்டிலிருந்து சின்னையன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமே இல்லாத அந்தப் பார்வையைக் குத்புதீனால் தாங்க முடியவில்லை. சின்னையனுக்குக் கடுங்காவல் விதித்தார்கள்.

சின்னையன் பெண்சாதி வீரம்மாள் ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று குத்புதீன் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க பாய். அவரும் சொல்ல மாட்டாரு. ரெண்டு பேரும் நெசத்தச் சொன்னா, அப்புறம் எதுதான் பாய் பொய்யி?"

குத்புதீன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான், அவள் உட்காரவில்லை.

"ஜெயில்ல போய்ப் பார்த்தேன். நான் சுவிட்சு போட்டேனா இல்லியான்னு எனக்கே இப்ப தெரியலடி, போடாமத்தான் போயிட்டேனோ என்னமோன்னு சொல்றாரு. அதையே நெனச்சு நெனச்சு சோறு எறங்கல அவருக்கு. ஜெயிலுக்குப் போனதக்கூட நான் தாங்கிக்குவேன். இத என்னால பார்க்க முடியல."

அவள் போனபிறகும் அந்தச் சொல் கடையை விட்டுப் போகவில்லை. பாட்டரிக்கு ஆசிட் ஊற்றும்போதும் கேட்டது, தொழுகைக்கு நிற்கும்போதும் கேட்டது.

பங்குனியில் வீரமலை ஆள் அனுப்பினார். வண்டியைப் போலீசார் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை, விற்றுத் தொலைக்க வேண்டும். கொஞ்சம் சரிபார்த்துக் கொடு என்றார். புத்தூரில் அவர் பங்களாக் கொட்டகையில் குத்புதீன் சாயங்காலம் வரை வேலை பார்த்தான். வழக்கம்போல முதல் காரியமாகத் தன் கம்பியைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தான். கடைசியாக விளக்கைப் போட்டு, எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. எப்போதும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கம்பியை அவிழ்ப்பான். அன்று தொழுகை தப்பிவிடுமே என்ற அவசரத்தில் சுவிட்சை மறந்து கம்பியைப் பிடுங்கினான்.

விளக்கு அணைந்தது.

குத்புதீன் திரும்பிப் பார்த்தான். கம்பியை மறுபடி வைத்தான், எரிந்தது. எடுத்தான், அணைந்தது. ஹாரனை அழுத்தினான், சத்தமில்லை. "யா அல்லாஹ்" என்றான். கையிலிருந்த கம்பியைப் பாம்பைப் போட்டமாதிரி கீழே போட்டான்.

அடியில் படுத்து நட்டைக் கழற்றினான். பட்டை உட்காருகிற இடத்தில் இரும்பே தெரியவில்லை. கறுப்புப் பெயிண்ட், இரண்டு பூச்சு, நகத்தால் சுரண்டினாலும் வராத கெட்டி. புரிந்துவிட்டது. சின்னையன் அரைகுறையாக வேலை செய்கிறவன் அல்ல. பட்டையில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது என்று அதைக் கழற்றி வைத்து, சட்டம் முழுக்கப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் திரும்ப மாட்டி முடுக்கியிருக்கிறான். பெயிண்டின் மேல் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் கரெண்டு போகாது. போல்ட்டின் மரையில் எங்கோ துளியூண்டு இரும்பு பட்டு ஒன்றரை மாசம் ஓடியிருக்கிறது. பாலத்தில் தூக்கிப் போட்டதில் அதுவும் விட்டுவிட்டது. அன்று ஸ்டேஷன் வளவில் அவன் கட்டியது அவனுடைய கம்பி; எரிந்ததும் அந்தக் கம்பியால்தான். வண்டியின் எர்த்தை அவன் பரிசோதிக்கவே இல்லை. பழுதில்லை என்று சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்.

அன்று தொழுகை தப்பியது.

அப்பீல் பார்க்கிற வக்கீல் ஸ்ரீரங்கத்துக்காரர். முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பெயிண்டை அடிச்சது யார்?"

"சின்னையன்தானுங்க. பூசைக்கு அடிச்சான்."

"போச்சு. விளக்கு அணைஞ்சது வாஸ்தவம்னு ஆயிடும், ஆனா அணைச்சது அவன் கைதான்னும் ஆயிடும். அஜாக்ரதைன்னு அதையும் அவன் தலையிலேதான் கட்டுவா. வேற யாரோட தப்பாவது இருந்தாத்தான் அவன் வெளியில வருவான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நான் உம்மை எதுவும் சொல்லச் சொல்லலை ஓய்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குத்புதீன் வீட்டுக்கு வந்து ஜீனத்திடம் சொன்னான். அவள் அரைத்துக்கொண்டிருந்த மசாலாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, பொய்ச் சத்தியமா பண்ணப் போறீங்க?"

"முந்தி பண்ணினதுக்கு என்ன பேரு, சொல்லு பார்ப்போம்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பீலில் குத்புதீன் கூண்டேறினான். பூசைக்கு அப்புறம் பாட்டரி மாட்டப் போனபோது சின்னையன் சாப்பிடப் போயிருந்தான், எர்த்துப் பட்டையைக் கழற்றி மாட்டியது நான்தான், சரியாக முடுக்கவில்லை. பரிசோதனைக்குப் போனபோது நட்டு லூசாக இருந்தது. பயந்துபோய், அடியில் படுத்து இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் முடுக்கிவிட்டு, பழுதில்லை என்று சொல்லிவிட்டேன் என்றான். பெயிண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பட்டை உட்காரும் இடத்தில் இருந்ததை முன்பே சுரண்டித் துடைத்துவிட்டிருந்தான். தன்னைத் தானே இவ்வளவு கேவலமாகச் சொல்லிக்கொள்கிறவன் பொய் சொல்வானா என்றுதான் எவருக்கும் தோன்றும். சின்னையன் வெளியே வந்தான். பொய்ச் சாட்சி சொன்னதற்காகக் குத்புதீன் உள்ளே போனான்.

திரும்பி வந்தபோது அடுத்த ஆடி. கடையைத் திறந்தான். ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. தப்பை மூடி மறைத்து இன்னொருத்தனை மாட்டிவிட்டவன் கடைக்கு யார் வருவார்கள்? வந்தது ஒரே ஒரு ஆள்தான்: செல்லக்கிளியின் தாய் அழகம்மாள். பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் வெயிலில் நடந்தே வந்திருந்தாள். வாசலில் குனிந்து தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரினாள்.

"எம் மகள முழுங்கினது பத்தலையாடா? அதை மறைச்சு வேற வச்சியாடா? நீ நாசமாப் போக" என்று அவன் தலையில் தூற்றினாள். கண், வாய், தாடியெல்லாம் மண். குத்புதீன் துடைத்துக்கொள்ளாமல் நின்றான். எதிர்க்கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. அன்று ராத்திரி ஜீனத்தான் அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

சின்னையன் இப்போது ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர். அவனும் அந்தத் தெரு வழியாகத்தான் போவான். கடை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் எதிர்ப்பட்டபோது, "உங்களப் போய் கூடப் பொறந்த பொறப்பா நெனச்சேனே பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கேட்டுக்கொண்டான் குத்புதீன். வேறென்ன செய்வது? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஆனால் சின்னையன் இப்போது சோறு சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்று வீரம்மாளைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அது போதும் என்று இருந்துவிட்டான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஏதாவது கூலி வேலை கிடைக்குமா என்று பார்க்கப் போன குத்புதீன் பஸ் கம்பெனி ஷெட்டு வழியாகப் போனான். பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் கறுப்புப் பெயிண்ட் டின். கழற்றிய எர்த்துப் பட்டை ஒன்று, சொட்டுப் படாமல் சுத்தமான துணியில் சுற்றி ஓரமாக வைத்திருந்தது.

குத்புதீன் வாயைத் திறந்தால், தான் ஜெயிலுக்குப் போய்ச் சின்னையனுக்கு வாங்கிக் கொடுத்த தூக்கம் போய்விடும். திறக்காவிட்டால்? போன தடவை பாலத்தில் ஒரு பெண். இந்தத் தடவை பஸ் நிறைய ஜனம்.

"சின்னையா."

கால்கள் அசைந்தன. சின்னையன் வெளியே வந்து, பிரஷ்ஷும் கையுமாக நின்றான்.

"இங்க எதுக்கு வந்தீங்க? இந்த வண்டியில உங்க கை படக்கூடாது."

"படாது. அந்தப் பட்டை உக்கார்ற எடத்துல மட்டும் பெயிண்ட் அடிக்காத. இரும்பு வெறுசா இருக்கணும். இல்லாட்டி எத்தனை முடுக்கினாலும் கரெண்டு புடிக்காது. ஒரு மாசம் ரெண்டு மாசம் எரியும், அப்புறம் ஒரு பள்ளத்துல விட்டுரும்."

சின்னையன் முதலில் டின்னைப் பார்த்தான், அப்புறம் துணியில் சுற்றிய பட்டையைப் பார்த்தான்.

"அந்த வண்டிக்கும் நான் இப்படித்தானே அடிச்சேன்."

குத்புதீன் குனிந்து பெயிண்ட் டின்னை மூடினான்.

"நட்டு லூசா இருந்துச்சுன்னு சொன்னீங்களே பாய். இருந்துச்சா?"

"இல்ல."

பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் அவன் காலில் சொட்டியது. "நான் சுவிட்சு போட்டேன்ல?" என்று கேட்டான்.

"போட்டே. அதுல உனக்குச் சந்தேகமே வேணாம்."

சின்னையன் மறுபடி பஸ்ஸுக்கு அடியில் போனான். கத்தியால் சுரண்டும் சத்தம் கேட்டது. இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகும் அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. போதும் சின்னையா, போதும் என்று குத்புதீன்தான் காலைப் பிடித்து இழுத்தான்.

மறுநாள் ஊரெல்லாம் வண்டிகளுக்குச் சந்தனமும் மாலையும். சின்னையன் பூசைக்கு நிற்காமல் பாலத்தைத் தாண்டி நடந்தான். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குத்புதீனும் பின்னால் போனான். அழகம்மாள் குடிசை வாசலில் முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன.

"ஆத்தா, பாய் மேல தப்பில்ல. எனக்காகப் பொய் சொல்லி உள்ள போனாரு. வெளக்கு அணைஞ்சது நான் அடிச்ச பெயிண்டாலதான். அவர் மேல நீங்க போட்ட மண்ணு எனக்குச் சேர வேண்டியது" என்றான் சின்னையன். குனிந்து ஆற்று மணலை ஒரு கை அள்ளி, அவள் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தான்.

அழகம்மாள் அந்த மணலையே பார்த்தாள். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் விரல்கள் மூடவில்லை. மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கீழே கொட்டியது.

"கை ஓஞ்சு போச்சுப்பா. எத்தனை பேரு மேலதான் நான் மண்ண வாரித் தூத்துறது?"

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறத்தை எடுத்தாள். பிள்ளைகளுக்கு இன்னும் சோறு ஆகவில்லை.